ஈரமில்லாத வம்சம்

சேன் ஆந்த்ரேயில் மழை நாள் பார்க்காது.
எங்கள் வீட்டில் மட்டும்
தலைமுறைக்கு ஒருவர் நனைவதில்லை.

கப்பலேறி வந்த சின்னாப்பிள்ளை
புயலில் கரும்பு வெட்டிவிட்டு
உலர்ந்த சட்டையோடு திரும்பினார்.
வேலைக்கே போகவில்லையென்று
கங்காணி கூலியைப் பிடித்தான்.

அவர் மகள் விர்ஜினி, வீட்டில் வீராயி.
ஞானஸ்நானத் தண்ணீர்
நெற்றியில் ஒட்டாமல் உருண்டு
பாதிரியார் செருப்பில் விழுந்தது.
பதிவேட்டில் அவர் எழுதினார்:
நனைந்தது.

ஒரு சித்தப்பா கடலில் இறங்கினார்.
கடல் வேண்டாமென்றது.
அவரைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பிறகு நான்.
நனைந்த பின் முக்காடு எதற்கென்பார்கள்.
நனையாத எனக்கு இருந்தது முக்காடு,
அம்மா கையில் திணித்த கறுப்புக் குடை.
தெரு எப்படியும் சொன்னது:
ஈரமில்லாத குடும்பம்.

அப்பா போன பின் நொத்தேர் வாசித்தார்.
வனிலாக் கொல்லை அண்ணனுக்கு,
தையல் மெஷின் அக்காவுக்கு,
என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.
"அவனுக்குத்தான் அப்போதே கொடுத்தாயிற்றே"
என்றாள் அம்மா.

சலாசியிலிருந்து சௌசௌ மூட்டையோடு வந்த ரெமி
கொட்டும் மழையில் என்னை ஒட்டி நின்று
பேப்பர் படித்தான்,
விளையாட்டுப் பக்கம் வரைக்கும்.
குடையை எங்கே வைத்தேனென்று
அதற்குப் பிறகு நினைவில்லை.

பிப்ரவரிப் புயலில் கூரைத் தகடு பறந்தது.
விடிய விடியப் பெய்தது எங்கள் மேல்.
காலையில் மெத்தை ஊறிக் கனத்தது.
நடுவில் மட்டும் காய்ந்த இடம்,
இரண்டு ஆள் அகலம்.

அம்மா வாசலில் நின்று
அந்த அளவைப் பார்த்தாள்.
பிறகு ரெமியை ஒரு முனை பிடிக்கச் சொன்னாள்.

தெருப் பக்க வேலியில் விரித்துப் போட்டோம்.
ஞாயிற்றுக்கிழமை.
பூசை முடிந்து எல்லோரும் வருகிற நேரம்.