எடைமேடை, வாளையார்

செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர்.
அரசாங்கத் தராசில் ஏறுமுன்
லாரிகள் எங்கள் தராசில் ஒருமுறை ஏறிப் பார்த்துக்கொள்ளும்.
சீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய்.
என் பரீட்சை தேறவும் அதே நூற்றைம்பதுதான்,
முந்நூறுக்கு.

ஓஷ் நகரத்தில் ஆறு வருடம் படித்த எம்.பி.பி.எஸ்.
இங்கே இன்னும் டாக்டர் ஆகவில்லை.
இரவு ஷிப்டு.
கணவாய்க் காற்று சீட்டுக்கட்டைப் புரட்ட
மாதிரித் தேர்வு எழுதுவேன்.
138, 144, 141, 152, 147.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் வரிசையாக.
எழுதியதையே மறுபடி எழுதினால் 179.
அது எடை இல்லை, ஞாபகம்.

ரெஜிதா மாதிரியில் 171 வரை போனாள்.
நிஜத்தில் 146.
வாஜித் 130ஐத் தாண்டியதே இல்லை.
போன ஜூனில் 153.
கடைசி மூன்றின் சராசரியாம்,
கூட்டிக் கழித்துப் பன்னிரண்டாம்.
கூட்டினால் நான் டாக்டர்.
கழித்தால் இன்னும் ஆறு மாதம் இதே நாற்காலி.

வாரம் இரண்டு நடை ஜவ்வரிசி ஏற்றிப் போகும்
செங்கோட்டுவேலிடம் கேட்டேன்.
"உங்க தராசுக்கும் அவங்க தராசுக்கும்
நாப்பது கிலோ முன்னப்பின்ன வரும்மா.
மழைன்னா கேக்கவே வேணாம்,
தார்ப்பாய் மட்டும் நூறு கிலோ குடிக்கும்."
எப்போது முன்ன, எப்போது பின்ன?
"அது தெரிஞ்சா இங்க எதுக்கு நூத்தம்பது தர்றேன்?"

சரியாகக் காட்டிய நாளில் யாரும் திரும்பி வருவதில்லை.
கேரளாவுக்குள் போய்விடுகிறார்கள்.
அபராதம் கட்டியவர்கள் மட்டும்
சீட்டை ஆட்டிக்கொண்டு வந்து கத்துகிறார்கள்.
அவர்களை மட்டும் எண்ணினால்
எங்கள் தராசு பொய்.

நேற்று, 211ஆம் கேள்வி.
முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி.
வெளியே சத்தம்.
இறங்கிய கிளீனர் பையன் மேடையிலேயே சரிந்து கிடந்தான்.
சட்டை பிழிய வியர்வை, பேச்சு குழறல்.
குடித்திருக்கிறான் என்றார்கள்.
வாயை முகர்ந்தேன். இல்லை.
அவன் பையில் இன்சுலின் பேனா.
விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து
டீக்கடைச் சர்க்கரையைக் கரைத்து ஊட்டினேன்.
கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து
சட்டையெல்லாம் பிசுபிசுப்பு என்று என்னையே திட்டினான்.

"நீங்க டாக்டரா?"
"பில் போடற பொண்ணு."

நடுவில் யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.
24,860 காட்டிய லாரிக்கு 24,980 என்று சீட்டு.
அதில் அவனும் இருந்தான், நானும் இருந்தேன்.
கிழித்துப் போட்டு,
தள்ளி நின்று, மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே நேரம் முடிந்து திரை தானே மூடியிருந்தது.
118.

குறிப்பதா வேண்டாமா என்று
அடுத்த லாரி வரும்வரை யோசித்தேன்.
குறித்தேன்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: தார்ப்பாய்.

பரீட்சை ஜனவரியில், கோயம்புத்தூரில்.
மழை இருக்காது என்கிறார்கள்.