குளிர்க்கணக்கு

விச்சூரில் எனக்குப் பதினெட்டு சென்ட்.
தெற்கே ஆலையின் தீக்கொழுந்து
இரவை முழுதாக இருட்ட விடுவதில்லை.
பதினாறில் சம்பங்கி, சோறு போடுவது.
மீதி இரண்டில் என் கிறுக்கு.

பியோனிக் கிழங்கு ஆறு
ஹாலந்து முத்திரையோடு அட்டைப்பெட்டியில் வந்தன.
சேப்பங்கிழங்குக்குத் தூரத்து உறவு போல முகம்,
ஒவ்வொன்றிலும் மூன்று சிவந்த கண்.
கூட வந்த தாளில் ஒரே நிபந்தனை:
எண்ணூறு மணி நேரம் குளிரில் தூங்க வேண்டும்.

எங்கள் மார்கழியோ
ஒரு ஸ்வெட்டரைக்கூட
பீரோவிலிருந்து இறக்கத் தெரியாதது.
வடசென்னையில் குளிர்காலம் எங்கே கிடைக்கும்
என்று இரண்டு நாள் யோசித்தேன்.
காசிமேட்டில் கிடைக்கிறது,
பார் கணக்கில்.

தேசப்பன், ஐஸ் கம்பெனியில் இரவு சூப்பர்வைசர்,
தொட்டியை முகர்ந்து பார்த்தான்.
"இன்னாக்கா இது, கருவாடா?"
"பூ."
"எங்க கீது பூ?"
"உள்ள தூங்குது."
சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தான்.
வஞ்சிரம் நாப்பது கிரேட்
சங்கரா பன்னெண்டு
பூ ஆறு.
வாடகை மட்டும் மீனுக்கு உள்ளதுதான்.

முப்பத்துமூன்று நாளும் சொச்சமும்.
சனிக்கிழமைதோறும் சம்பங்கிக் கட்டை இறக்கிவிட்டு
மார்க்கெட்டிலிருந்து நேரே அங்கே போவேன்.
கதவைத் திறந்தால் என் மூச்சு எனக்கே தெரியும்.
வாய் பிளந்த சுறாக்களுக்கு நடுவே
ஆறு தொட்டி மண்,
ஒன்றும் செய்யாமல்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவற்றின் வேலை
என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நள்ளிரவு போன் வந்தது.
"கரண்ட் பூடுச்சிக்கா, ஜெனரேட்டரும் மக்கர்.
மீனுக்கு ஐஸ் ஒடச்சிப் போட்டுட்டேன்.
உன் பூவுக்கும் ரெண்டு கூடை.
அளவு சரியா?"
அளவு எனக்கு எப்படித் தெரியும்?
சரி என்றேன்.

தை பிறந்து நட்டேன்.
கண் மேலே எட்டிப் பார்க்கிற ஆழம்,
அதற்கு மேல் புதைத்தால் இலையோடு நின்றுவிடும்.
மூன்று அழுகின.
இரண்டு வெறும் இலை.
ஒன்றில், மாசி முடிவில்,
கோலிக்குண்டு அளவு மொட்டு.

காலையில் அதன்மேல் அத்திப்பட்டுச் சாம்பல்.
ஈரக் கைக்குட்டையால் துடைப்பேன்,
சாயங்காலம் மறுபடியும்.
எறும்பு வந்தது.
அங்கேயும் இந்த மொட்டைத் தேடி எறும்பு வருமாம்.
விச்சூர் எறும்புக்கு யார் சொன்னார்கள்?

முதல் இரண்டு வருடம் வெட்டாதே,
கிழங்கு சாப்பிடட்டும் என்கிறது தாள்.
தாள் எழுதியவன் எங்கள் வெயிலைப் பார்த்ததில்லை.
இன்னும் மூன்று நாள் விட்டால்
செடியிலேயே கருகிவிடும்.
விரலால் அழுத்தினேன்.
டீக்கடை பன் போல அமுங்கி, மெதுவாக எழுந்தது.
அதுதான் பதம்.
இரண்டு இலையைக் கிழங்குக்கு விட்டு
சாய்வாக வெட்டினேன்.
சத்தமே இல்லை. நான்தான் ஏதோ சொன்னேன்.

புரசைவாக்கத்தில் மேடை அலங்காரம் செய்யும் ஜெயசீலன்
இருநூறு சம்பங்கித் தண்டை எண்ணி முடித்து
இதைத் தூக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, சின்ன முட்டைக்கோஸா?"
சம்பங்கி விலையே போட்டார்.
ஒரு தண்டு, ஆறு ரூபாய்.
நான் வாய் திறக்கவில்லை.
ஐஸ் வாடகை மட்டும்
நாலாயிரத்து இருநூறு.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்று.
"அம்மா, அந்தக் கோஸு."
"என்ன ஆச்சு?"
"சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிஞ்சிடுச்சு.
பசங்க எல்லாம் நின்னு பாக்கறானுங்க.
கடைய சாத்த முடியல."
பின்னால் ஷட்டர் பாதியில் நின்ற சத்தம்.
"எத்தன கட்டு இருக்கு?"

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெட்டிய காம்பில் காய்ந்த பிசின்,
பக்கத்தில் இரண்டு இலைச்செடி.
"அடுத்த மாசியில மூணு தண்டு.
நிச்சயம் இல்ல."

தேசப்பனிடம் இடம் சொல்லிவிட்டேன்.
கிரேட் மூன்று, கார்த்திகையிலிருந்து.
அப்போது சுறா அதிகமாம்,
மூலையில்தான் தருவானாம்.