நாற்பத்தொன்றாம் குழாய்

தால்காவில் ஜூலை மாதம்.
ஆய்வுக்கூட ஜன்னலில் மூடுபனி
நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது.
மைனஸ் எண்பதில் கிடப்பவற்றை
இரண்டிரண்டாக வெளியே எடுப்பது என் வேலை.
ஒரே வயிற்றின் இரண்டு துண்டுகள்:
புற்று வைத்தது ஒன்று,
ஐந்து சென்டிமீட்டர் தள்ளி
சேதி தெரியாமல் இருந்தது ஒன்று.

ஒவ்வொன்றும் மிளகளவு.
திரவ நைட்ரஜனில் நொறுக்கி
டிரிப்சின் விட்டு
முப்பத்தேழு டிகிரியில் இரவெல்லாம் வைக்கிறேன்.
உடம்பின் சூடு, குடலின் நொதி.
ஆயுசு முழுக்கச் செரித்துக்கொண்டிருந்ததை
நான் செரிக்கிறேன்.
வீட்டில் கேட்டால்
குழாய் கழுவுகிறேன் என்பேன்.

படிவத்தில் ஒரே கட்டம்தான்.
நீரிழிவு: உண்டு, இல்லை.
உள்ளவர் வயிற்றில் எழும்பிய புற்றும்
இல்லாதவர் வயிற்றில் எழும்பியதும்
ஒரே மண்ணால் ஆனவையா?

மூன்று வாரம் எண்ணியது இயந்திரம்.
இந்தப் புரதம் இங்கே கூடுதல்,
அந்தப் புரதம் அங்கே அருகிப்போயிருக்கிறது,
காரணம் தெரியாமல் சில
இரண்டிலும் ஒன்றுபோல.
திரையில் சிவப்பும் நீலமுமாக விரிந்த ஜமுக்காளத்தில்
சர்க்கரை உள்ளவர்கள் இடப்பக்கம் ஒதுங்கினார்கள்,
மற்றவர்கள் வலப்பக்கம்,
கல்யாணத்தில் இரு வீட்டாரும்
தனித்தனியே உட்கார்வதுபோல.

நாற்பத்தொன்று மட்டும்
மாறி உட்கார்ந்திருந்தார்.

"லேபிள் குழப்பம், தூக்கிவிடு"
என்றார் டாக்டர் பசுவால்தோ,
கோட்டு மாட்டியபடி.
லேபிள் என் கையெழுத்து.
என் ஏழு மற்றவர்கள் ஏழு மாதிரி இருக்காதே தவிர
ஒன்று ஒன்றுதான்.
மறுபடி ஓட்டினேன்.
ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை.
அவர் அசையவில்லை.

கோப்பில் பெயர் நிக்கனோர் ரெத்தமால்,
திராட்சைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்.
அறுவைக்கு முந்தைய காலை ரத்தத்தில்
நூற்று அறுபத்தெட்டு.
பக்கத்தில் யாரோ பேனாவால்:
குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.
இருக்கலாம்.

அனுமதி வாங்கித்தான் தொலைபேசினேன்.
எர்மிந்தா, அவர் மனைவி,
முதலில் பாக்கித்தொகை கேட்கிறேன் என்று நினைத்தாள்.
பிறகு சொன்னாள்:
ஊசியென்றால் வீட்டுப் பின்வழியே ஓடிவிடுவான்.
மாத்தே குடிக்கும்போது நாலு கரண்டி.
ராத்திரி நாலு தடவை எழுந்து
எலுமிச்சை மரத்தடிக்குப் போவான்,
காலையில் அங்கே எறும்பு சாரை.
மருந்து தெளித்தும் போகவில்லை,
மரம்தான் போனது.

நான் பேனாவை மூடினேன்.
எறும்புகள் கண்டுபிடித்ததற்கு
எங்களுக்கு நாற்பது கோடி பேசோ இயந்திரம்.

"இப்போது தெரிந்து
அவனுக்கு என்ன?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே,
கொஞ்சம் குரலை இறக்கி,
"பெரியவன் எலியாசர்
தண்ணீர்ப் பாட்டிலோடு படுக்கிறான்,
விடிவதற்குள் காலியாகிவிடுகிறது.
உப்புக்கறி தின்கிறானே, அதனால்தான் என்று..."

வாக்கியம் முடியவில்லை.
பின்னால் ஒரு நாய் குரைத்தது,
இரும்பு கேட் ஒன்று இழுபட்டது.

கட்டுரையில் அறுபத்துநாலு ஜோடி
அறுபத்துமூன்று ஆனது.
அடிக்குறிப்பில் ஒரு வரி:
விவரம் உறுதியாகாததால் ஒருவர் நீக்கப்பட்டார்.
டாக்டர் செய்தது தப்பில்லை.
எறும்பை ஆதாரமாகக் காட்ட
எந்த அட்டவணையிலும் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை,
ரத்தப் பரிசோதனை வரிசையில்
எண்ணெய்க் கறை படிந்த ஜாக்கெட்டில் ஒருவன்.
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.
ஊசி இறங்குமுன்பே
கண்ணை இறுக்கி மூடினான்.

கதவோரம் நின்று பார்த்தேன்.
அவனுக்கு என்னைத் தெரியாது.
அவன் அப்பாவின் வயிற்றில் மீதியிருப்பது
என்னிடம்,
மூன்றாம் தட்டில், இடமிருந்து ஆறாவது.