நடுநிலைச் சொற்கள்

முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு
அந்நியர் தலைக்கு ஷாம்பு போடுகிறேன்
என்று அம்மாவிடம் சொன்னதில்லை.
மூளை ஆராய்ச்சி என்றதுமே
ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு
பக்கத்து வீட்டு இபோயாவைக் கூட்டிவரப் போய்விட்டாள்.

செகெட் பல்கலைக்கழகம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே டிராலிபஸ் கம்பிகள்.
அவை சீறும்போதெல்லாம் எங்கள் திரையில் ஒரு முள் எழும்.
வடிகட்ட ஒரு பொத்தான் இருக்கிறது.

அறுபத்து நான்கு மின்முனைகள்.
ஒவ்வொரு துளையிலும் மொட்டை ஊசியை நுழைத்து
மயிரை விலக்கி, தோலை மெல்லச் சுரண்டி,
கூழ் விடவேண்டும்.
சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும்.
காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும்
எந்தத் தலையிலும் சண்டித்தனம் பண்ணும்.
குளிர்காலத்தில் கூழ்க்குழாயைக்
கக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறேன்.
செய்முறைக் குறிப்பில் இது இல்லை.

சொற்பட்டியல் என்னுடையது.
அச்சமூட்டுபவை நாற்பது, மகிழ்ச்சி தருபவை நாற்பது,
ஒன்றும் செய்யாதவை நாற்பது.
ஒன்றும் செய்யாதவற்றைத் தேடத்தான் ஒரு மாதம் ஆயிற்று.
ஸ்பூன். நாற்காலி. செங்கல். கையுறை.
முதலாண்டு மாணவர்கள் எழுபது பேர் மதிப்பெண் போட்டார்கள்.
கையுறைக்கு ஒன்பதில் ஐந்து.
நட்ட நடு.

முப்பத்தோராம் ஆள் கோச்சோர் வென்டெல்,
ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர்.
தொப்பியின் நாடாவைத் தாடையில் இறுக்கியபோது
"அடுத்து டிக்கெட் கேட்பீர்களா?" என்றார்.
பிறகு இருட்டறை.
இமைக்காதீர்கள், விழுங்காதீர்கள், பல்லைக் கடிக்காதீர்கள்.
மனிதர் செய்வதில் பெரும்பாலானவை
எங்களுக்கு இரைச்சல்.

சவப்பெட்டி வந்தது. கோடுகள் தம் பாட்டுக்குப் போயின.
விபத்து வந்தது, போயிற்று.
கையுறை வந்தது.
அறுபத்து நான்கும் ஒரே சமயத்தில் கறுத்தன.
தாடையாக இருக்கலாம். நெற்றியாக இருக்கலாம்.
யாரிடமோ வேண்டாம் என்பதுபோல
தலையை இப்படியும் அப்படியும் அசைத்திருக்கலாம்.
பதினொரு நொடி.
அடுத்தது செங்கல்.
செங்கலுக்குச் சரியான பட்டனைத்தான் அழுத்தினார்.

கேட்கக்கூடாது என்பது விதி.
கேட்கவில்லை.
கழுவுதொட்டி விளிம்பில் துண்டை மடித்து
அவர் கழுத்துக்குக் கொடுத்தேன்.
இங்கே வெந்நீர் வர இரண்டு நிமிடம் ஆகும்.
அந்த இரண்டு நிமிடமும் அவர் பின்மண்டை
என் உள்ளங்கையில் இருந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனமாக.
குழந்தைகள் ஷாம்பு, கண் எரியாது.
பிடரியில் காய்ந்த கூழை நகத்தால் கரைத்தேன்.
"தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இடக்கையா வலக்கையா
என்று போடவில்லையே" என்றார்.

முடி உலர்த்தி பழுது. துவட்டிவிட்டு,
அவருடைய கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நான்கு.
கோட்டுப் பைக்குள் வெறுங்கைகளைத் திணித்துக்கொண்டு
நிறுத்தத்தைத் தாண்டி நடந்தே போனார்.

அந்தச் சொல்லை மாற்றலாமா என்றேன் கெல்லேர்ட்டிடம்.
ஐம்பது பேரின் சராசரியில் கரைந்துபோகும் என்றார்,
கோபமில்லாமல், சாண்ட்விச்சைப் பிட்டு
பெரிய பாதியை என் பக்கம் நீட்டியபடி.
சரிதான். சராசரி என்பது அதற்குத்தான்.
ஆனால் அது கரைவதற்குக்கூட மிஞ்சவில்லை.
நானே எழுதினேன் படிவத்தில்:
முப்பத்தொன்று. எண்பத்தேழாம் சொல் நீக்கம்.
காரணம், அசைவு.

மின்முனைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து
ரேடியேட்டர் அருகே தொங்கவிட்டேன்.
அங்கே ஏற்கெனவே என் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன, இரண்டும்.

முப்பத்திரண்டாம் ஆள் ஒரு நர்சிங் மாணவி.
முடியைப் பின்னாமல் வாருங்கள், எண்ணெய் வேண்டாம் என்று
ஃபோனில் சொன்னபோது, வலிக்குமா என்று கேட்டாள்.
இல்லை, கூழ் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்
என்று சொல்லிவிட்டு,
அதுவும் உண்மையில்லை என்று நினைவு வர,
சூடாக்கித்தான் வைப்பேன் என்றேன்.