மேலங்கி

தண்டர் பே. செப்டம்பர் கடைசி ஞாயிறு.
ஏரிக் காற்றுக்கு
என் நெஞ்சில் குத்திய எண் மட்டும் படபடக்கிறது.
பதினாறாம் கிலோமீட்டரில்
தண்ணீர் மேசையை மடித்துவிட்டார்கள்.
மேகம்போல் திரண்ட சாட்சிகள் உண்டென்று படித்திருக்கிறேன்.
இங்கே மேகம்தான் உண்டு.
அப்புறம், ஆரஞ்சுக் கூம்புகளைப் பொறுக்கியபடி
பின்னால் ஊர்ந்து வரும் வெய்க்கோவின் டிரக்.
"ஏறிக்கொள்கிறீர்களா?"
மூன்று முறை கேட்டுவிட்டான்.

எல்லாரும் ஓடினாலும் பரிசு ஒருவனுக்கே
என்று எழுதியவன் நீதானே, பவுலே?
அந்த வரி வந்தாலே எனக்கு முழங்கால் வலிக்கும்.
உன் கொரிந்து பக்கம்
வென்றவன் தலைக்கு வாடிய செலரியாம்.
இங்கே கட்டு மூன்று டாலர்.

பாரத்தைக் கழற்றிவிட்டு ஓடு என்றதும்
ஆறாம் கிலோமீட்டரில்
ஜாக்கெட்டைக் கழற்றி வேலியோரம் எறிந்தேன்.
திங்கட்கிழமை ஸ்கேன்
கழல மாட்டேன் என்கிறது.

பாலத்து மேட்டில்தான் உறைத்தது:
ஓட்டத்தை முடித்தேன் என்று நீ எழுதியபோது
சங்கிலியில் இருந்தாய்.
எந்தத் தூரத்தைச் சொன்னாய்?
கணுக்காலில் இரும்பு அரித்ததா?
அதே கடிதத்தில்
விட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லி,
குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு
என்றும் கேட்டிருந்தாயே.

எல்லைக்கோட்டில் கடிகாரத்தை அணைத்திருந்தார்கள்.
காற்றடைத்த வளைவை
ஒரு பையன் மிதித்து மிதித்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
இன்னும் சுருளாத பாதியின் மேல் நடந்து கடந்தேன்.

வெய்க்கோ ஒன்றும் கேட்கவில்லை.
கூம்புகளுக்கு அடியிலிருந்து
என் ஜாக்கெட்டை இழுத்து, புல்லை உதறி,
கை நுழைக்க வாகாக
விரித்துப் பிடித்தான்.