வேற விரல் வைங்க

புதுப்பாளையம் ரேஷன் கடை இயந்திரம்
என் வலது ஆள்காட்டி விரலை ஏற்பதில்லை.
மூன்று முறை சிவப்பாய் மினுக்கும்.
"வேற விரல் வைங்க" என்பார் விற்பனையாளர்,
மாதாமாதம், முதல் தடவை சொல்வதுபோல.
பின்னால் நிற்பவர்களுக்குப்
பாமாயில் தீர்ந்துவிடும் பதற்றம்.
அந்த விரலில் ரேகை இல்லை,
ஒரு பள்ளம்தான் இருக்கிறது என்று
விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

தொண்ணூற்றெட்டு. மாசி மாதம். கேப்பர் மலை.
செம்மண்ணை டிராக்டர் விட்டு உழுது
தண்ணீர் லாரியால் நனைத்து
முந்திரி மரங்களுக்கு நடுவே
கயிறு கட்டிய தடம்.
பதினெட்டு வண்டிகள், பதினேழு ஆண்கள்.
ஆனந்தவல்லி என்று எழுதித்தான் கொடுத்திருந்தேன்.
மைக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும்
"நம்ம பொண்ணு" என்றே வாசித்தார்.

மட்கார்டு கழற்றிய ஷோகன்.
தம்பியின் கால்பந்து பனியன், அதற்குள் திணித்த பின்னல்.
"கேபிள மாத்திடும்மா" என்று
ஓ.டி. சிலார் பாய் சொல்லியிருந்தார்.
அடுத்த வாரம் பாய், என்றிருந்தேன்.

ஆறாவது சுற்றில்
எனக்கு முன்னால் யாருமில்லை.
அதை எப்படிச் சொல்வது?
ஐந்து சுற்றாக அடுத்தவன் புழுதியைத் தின்றவளுக்கு
திடீரென்று வெறும் காற்று.
முந்திரி பூத்திருக்கிறது என்பதே
அப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது.

மேட்டில் தாவி இறங்கினேன். கேபிள் அறுந்தது.
தண்ணீர் நின்றுபோன குழாயின் திருகுபோல
ஆக்சிலேட்டர் சும்மா சுற்றியது.

நிறுத்தாதது வீரம் இல்லை.
மரத்தடியில் வண்டியோடு நின்றால்
சோடா கொண்டு வருவார்கள்,
பாவம் என்பார்கள்.
அதற்குப் பயந்தேன்.

உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியை
விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன்.
கையுறை நூற்றெண்பது ரூபாய், வாங்கியிருக்கவில்லை.
இழுத்தால் சீறியது, விட்டால் அடங்கியது.
இடது கைதான் ஹேண்டிலைப் பிடித்தது.
முட்டி இரண்டும் டாங்கியை நெரித்தன.
ஒன்றரைச் சுற்று.
பாடலீசன் தாண்டிப் போனான்.
இன்னொருவன். இன்னும் ஒருவன்.

நாலாவது இடம்.
மூன்றாவதுக்கு ஒரு டேபிள் ஃபேன் கொடுத்தார்கள்.
நாலாவதுக்குக் கைதட்டல்கூட இல்லை,
எல்லோரும் ஃபேனைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

திட்டிக்கொண்டே குறடால் கம்பியைப் பிரித்தார் பாய்.
பெரியாஸ்பத்திரியில் ஆறு தையல்.
வீட்டில் அரிவாள்மணை என்றேன்.
மூன்று மாதம்
காய் நறுக்குவதிலிருந்து விடுதலை.

அப்புறம் எத்தனையோ பந்தயம்.
ஜெயித்ததும் உண்டு, இரண்டு முறை.
அவை உடம்பில் எங்கும் பதிவாகவில்லை.
தானே புயல் அந்த முந்திரிகளை
வேரோடு மல்லாத்திய வாரம் போய்ப் பார்த்தேன்,
நாங்கள் தாவிய மேடு மட்டும்
அப்படியே இருந்தது, அதற்கென்ன.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறேன்.
வயது ஐம்பத்தொன்று.
தோளில் ஒரு தகடு, பழையது.
வண்டி இப்போது நாலு ஸ்ட்ரோக்,
அதன் சத்தம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

இடது கட்டைவிரல் வைக்கிறேன். பச்சை.
சர்க்கரை இரண்டு கிலோ, துவரம்பருப்பு ஒன்று,
பாமாயில் ஒரு பாக்கெட்.
பையை முதுகோடு குறுக்கே இறுக்கிக் கட்டுகிறேன்.

வீடு இரண்டு தெரு தள்ளி.
கெடிலம் வழியாகப் போனால்
நாலு கிலோமீட்டர்.

சித்திரை. ஆறு காய்ந்து கிடக்கிறது.
கரையில் டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு
மிதிகட்டையில் எழுந்து நிற்கிறேன்.
முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது.
மெதுவாகப் போனால் மணல் இழுத்துக்கொள்ளும்.
பிரேக்கின்மேல் அந்த விரல் கிடக்கிறது,
இரும்பின் சூடு அதற்குத் தெரியாது.

எதிர்க்கரையில் எருமை கழுவ வந்தவர்
தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறார்.
கையைத் தூக்குகிறார்.
எனக்குத் தூக்கக் கை இல்லை,
தலையை ஆட்டுகிறேன்.
முதுகில் பாமாயில் களக் களக்கென்கிறது.
பாக்கெட் உடைந்தால்
அடுத்த மாதம்தான்.