கட்டிப்பாலுக்குள் கல்

பாடாங் செராய் பழைய சந்தைக்குப் பின்னால்
ஆ லெக் கடையில் பதினோரு வருஷம்
ரப்பர் கட்டிப்பால் நிறுத்தவள் நான்.
மூட்டை இறங்கும்போதே தெரியும்
எதில் கல், எதில் ஈர மண்,
எந்த மகராசன் நேற்று ராத்திரி
வாளித் தண்ணீரில் ஊறப்போட்டான் என்று.
சந்தேகம் வந்தால் இரும்புக் கொக்கியால் ஒரு குத்து.
'டக்' என்றால் கல்.
சத்தமில்லாமல் இறங்கினால் காசு.

கடை மூடி நாலு மாசம்.
முட்டி வீங்கி வீட்டில் கிடக்கிறேன்.
வேலை கைப்பேசி வழியாக வந்தது:

வீட்டிலிருந்தே விற்பனை அதிகாரி.
தினம் இரண்டு மணி நேரம்.
மாதம் ஆறாயிரம் வெள்ளி.
அனுபவம் வேண்டாம். இன்றே கடைசி.

முதலில் இனித்தது, பொய் சொல்வானேன்.
முட்டிக்கு எவ்வளவு,
சுபாஷிணியின் காலேஜுக்கு எவ்வளவு,
ஒழுகும் கூரைத் தகரத்துக்கு எவ்வளவு என்று
கரண்ட் பில்லின் முதுகில் எழுதிப் பார்த்தேன்.
எல்லாம் போக மிச்சம் வந்தது.
அந்த மிச்சம்தான் உறுத்தியது.
என் கணக்கு எதுவும் இதுவரை
மிச்சத்தில் முடிந்ததில்லை.

நேர்முகத் தேர்வு என்றார்கள். முகமே இல்லை.
ஆறு கேள்வி; ஆறுக்கும் 'ஆம்' தட்டினேன்.
அடுத்த நிமிஷம் வாழ்த்து,
கூடவே வெடிக்கிற பட்டாசுப் படம்.
ஆ லெக்கே என்னை மூன்று நாள்
மூட்டை தூக்கவிட்டுப் பார்த்துத்தான் சேர்த்தான்.

பிறகு ஒரு குரல். தமிழ்க் குரல். சின்ன வயசு.
"அக்கா, ரோஷன் பேசுறேன். ரொம்ப லக்கி நீங்க."
"என்ன விக்கணும் தம்பி?"
"மொதல்ல குரூப்புல சேருங்கக்கா."
"சேர்றேன். என்ன சாமான்?"
"தண்ணி வடிகட்டி மாதிரி, சத்து மாவு மாதிரி, நெறைய இருக்குக்கா."
"வடிகட்டி என்ன விலை?"
காகிதம் புரளும் சத்தம்.

சாமான் விலை தெரியாதவனுக்கு
என் விலை தெரிந்திருந்தது:
முந்நூற்று ஐம்பது வெள்ளி.
பயிற்சிப் பெட்டிக்கு முன்பணம்,
முதல் சம்பளத்தோடு திரும்பி வருமாம்.
ஐசியை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பணுமாம்.
கணக்கு எண் வந்தது.
கம்பெனி பெயர் இல்லை அதில்,
யாரோ ஒரு பெண்ணின் பெயர்.

கைப்பேசியைக் காதோடு அழுத்தினேன்.
அவன் மூச்சுக்குப் பின்னால் இன்னொருத்தன்
"இன்றே கடைசிக்கா" என்றான்.
அவனுக்கும் பின்னால் ஒருத்தி,
"ரொம்ப லக்கி நீங்க."
ஒரே கொட்டகையில் எத்தனை வாய்கள்,
எத்தனை அக்காக்களை!

டக்.

வைத்திருக்கலாம்.
ஏனோ கேட்டேன்: "சாப்பிட்டியாப்பா?"
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
காற்றாடி சுற்றுவது மட்டும் கேட்டது.
அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு,
"மூணு எடம்தான் பாக்கி இருக்குக்கா" என்றான்,
எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரலில்.
வைத்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால்
நான் கெட்டிக்காரி.

எதிர்வீட்டு அமிர்தகௌரி
போன புதன்கிழமையே பணம் கட்டிவிட்டாள்.
தாலிக்கொடியில் கோத்திருந்த காசு இரண்டும்
அடகுக்கடையில்.
தாமான் முனையில் கூரியர் மோட்டார் திரும்பும்போதெல்லாம்
ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
கேட்டுக்கு வருகிறாள்.
பெட்டி எவ்வளவு பெரிசு இருக்கும்,
அலமாரிக்கு மேலே ஏறுமா என்று
நேற்று என்னிடமே கேட்டாள்.

ரசீது இருக்கும், அழைத்த எண் இருக்கும்,
வங்கிக்கும் போலீசுக்கும் சேர்ந்தே போகலாம்,
பஸ் ஒன்பதே காலுக்கு.
எல்லாம் யோசித்து வைத்துவிட்டேன்,
முதல் வார்த்தையைத் தவிர.

மோட்டார் சத்தம். கேட்டு திறக்கிறது.
செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.
வலிக்காமல் கொக்கி இறக்க
ஆ லெக் எனக்குச் சொல்லித்தரவே இல்லை.